கன்சோல் யாருடையது?

மேசைக் கணினியில் குரோம் உலாவியைத் திறந்து, ஏதாவது ஓர் இணையப் பக்கத்துக்குப் போய், எஃப்12 விசையை அழுத்துங்கள். பக்கத்தின் ஓரத்தில் ஒரு பலகம் விரியும். அதில் 'கன்சோல்' என்ற தாவலைச் சொடுக்கினால், தட்டச்சு செய்ய ஒரு வெற்று வரி கிடைக்கும். அங்கே 'கன்சோல்', ஒரு புள்ளி, 'லாக்' என்று மட்டும் ஆங்கில எழுத்தில் அடித்து என்டர் தட்டினால், அந்தச் செயல்கூறு தன் உடலைக் காட்டும். உள்ளே இருப்பவை 'நேட்டிவ் கோட்' என்ற இரண்டே சொற்கள். இது உலாவியைக் கட்டியவர்கள் உள்ளேயே வைத்து அனுப்பிய பகுதி, இணையத்தளம் எழுதியது அல்ல என்று அர்த்தம்.

இப்போது அதே பெயருக்குப் பக்கத்தில் சமக்குறி போட்டு, ஒன்றுமே செய்யாத ஒரு வெற்றுச் செயல்கூறை எழுதுங்கள். உலாவி மறுப்பேதும் சொல்லாமல் ஏற்றுக்கொள்ளும். அதற்குப் பிறகு அந்தப் பக்கத்தில் எந்த நிரல் 'கன்சோல்.லாக்' வழியாக எதை எழுதச் சொன்னாலும் ஒரு வரிகூட வராது. பக்கத்தை மறுபடி ஏற்றினால் எல்லாம் பழையபடி ஆகிவிடும். ஆனால் நீங்கள் செய்ததை அந்தப் பக்கமும் செய்யலாம். நீங்கள் பார்க்கத் தொடங்குவதற்கு முன்பே செய்து முடித்திருக்கலாம்.

ஜாவாஸ்கிரிப்டின் முதல் வடிவத்தை பிரெண்டன் ஐக் 1995 மே மாதம் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பத்து நாளில் எழுதி முடித்தார். படிவத்தில் பெயர் விடுபட்டிருந்தால் எச்சரிக்க, சுட்டி மேலே வந்தால் படத்தை மாற்ற, இப்படிச் சில்லறை வேலைகளுக்கான மொழி அது. அதில் பூட்டு என்று அநேகமாக எதுவும் இல்லை. வரிசை, தேதி, எண், எழுத்துச்சரம் என்று மொழியோடு பிறந்த எல்லாமே சாதாரணப் பொருள்கள்தான். பெயர் இருக்கும் இடத்தில் வேறொன்றை வைத்தால், அன்று முதல் அந்தப் பெயருக்கு அதுவே பொருள். ஒரு பக்கத்தை ஒருவரே எழுதுகிற காலத்தில் இதனால் யாருக்கும் நட்டமில்லை. இன்று ஒரு சின்னக் கடையின் இணையப் பக்கத்தில்கூட விளம்பரக்காரர், வருகையாளரைக் கணக்கெடுப்பவர், உரையாடல் பெட்டி தருபவர், பணம் வாங்கித் தருபவர் என்று பலருடைய நிரல்கள் ஒரே நினைவகத்தில் கூடுகின்றன. எவர் முதலில் ஓடுகிறாரோ, அவர் விட்டுவைப்பதுதான் பின்னால் வருகிறவர்களுக்குக் கிடைக்கும்.

இந்த நெகிழ்ச்சியால் நிறைய நன்மையும் விளைந்திருக்கிறது. பழைய உலாவிகளில் இல்லாத வசதிகளை, அதே பெயரில் ஜாவாஸ்கிரிப்டிலேயே எழுதிச் சேர்ப்பதற்கு 'பாலிஃபில்' என்று பெயர். புதிய கணினி வாங்க வசதியில்லாதவர்களுக்கும் புதிய இணையம் கிடைத்ததற்கு இந்த ஒட்டுவேலை ஒரு முக்கியக் காரணம். மலேசியத் தமிழர்களுக்கு இந்த உத்தி புதிதில்லை. யுனிகோடு வருவதற்கு முன், 1985-இல் முத்து நெடுமாறன் 'முரசு' மென்பொருளைத் தொடங்கிய காலத்திலிருந்து, வேற்று எழுத்துகளுக்காக ஒதுக்கிய இடங்களில் தமிழை அமர்த்தித்தான் நாம் கணினியில் தமிழ் படித்தோம். இல்லாததை இருப்பதுபோல் நடக்க வைப்பது ஏமாற்று ஆகாது. யார் வைத்தார்கள், நமக்குச் சொல்லி வைத்தார்களா என்பதுதான் கேள்வி.

அந்தக் கேள்வி எவ்வளவு கூர்மையானது என்பதை 2024 ஜூன் மாதம் உலகம் கண்டது. மேலே சொன்ன ஒட்டுவேலையை இலவசமாகச் செய்து தந்த பாலிஃபில்.ஐஓ என்ற முகவரியை, அந்த ஆண்டு பிப்ரவரியில் ஒரு சீன நிறுவனம் வாங்கியிருந்தது. நான்கு மாதம் கழித்து, அங்கிருந்து நிரல் வாங்கிக்கொண்டிருந்த 1,00,000-க்கும் அதிகமான தளங்களுக்குள் நச்சு நிரல் பாய்ந்துகொண்டிருந்தது தெரியவந்தது. கைப்பேசியில் வருகிறவர்களை அது சூதாட்டத் தளங்களுக்குத் திருப்பிவிட்டது. எல்லோரையும் அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். தளத்தின் நிர்வாகி உள்ளே நுழைந்திருந்தால் அந்த நிரல் படுத்துக்கொள்ளும். கணக்கெடுக்கும் கருவி ஓடினால் தாமதித்து எழும். பிழை தேடி வருகிற ஆளுக்குப் பக்கம் சுத்தமாகத் தெரியும். ஏமாந்து வந்த வாடிக்கையாளருக்கு மட்டும் வேறு பக்கம்.

இதன் சிறிய வடிவம் ஒன்றை நான் நேரிலேயே பார்த்திருக்கிறேன். கிள்ளானில் தெங்கு கெலானா சாலைப் பக்கம் துணிக்கடை வைத்திருக்கும் ஓர் அண்ணன், தீபாவளி விற்பனை நேரத்தில் பிரிக்ஃபீல்ட்ஸில் இருந்த என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, காசு கட்டுற எடத்துல அப்படியே நின்னுடுதாம். கஸ்டமருங்க ஏசுறாங்க. நம்ம போன்ல நல்லாத்தான் போவுது."

"ஏதும் சிவப்பா எழுத்து வருதான்னு சொன்னாங்களா அண்ணே?"

"ஒன்னுமே காட்டலையாம்."

எனக்கும் ஒன்றும் காட்டவில்லை. பக்கம் நின்றது, கன்சோல் வெறுமையாக இருந்தது. ஒரு பக்கம் உடைந்து, கன்சோலில் ஒரு சிவப்பு வரிகூட வரவில்லை என்றால் நிரலாளருக்கு முதலில் வர வேண்டியது சந்தேகம். பிழையை எழுதும் செயல்கூறான 'கன்சோல்.எரர்' என்பதன் பெயரைத் தட்டிப் பார்த்தேன். 'நேட்டிவ் கோட்' வரவில்லை. யாரோ எழுதிய முப்பது வரி நிரல் வந்து விழுந்தது. பக்கத்தின் மூலையில் 'உதவி வேண்டுமா' என்று கேட்கும் உரையாடல் பெட்டியைத் தந்தவர்கள் எழுதியது அது. பிழைச் செய்தியை வாங்கி, தங்கள் வழங்கிக்கு அனுப்பிவிட்டு, உண்மையான செயல்கூறைக் கூப்பிடாமலே முடித்துக்கொண்டிருந்தது.

பிணையத் தாவலைத் திறந்தபோது, ஒவ்வொரு பிழைக்கும் ஒரு சிறு பொட்டலம் வெளிநாட்டு முகவரிக்குப் போவது தெரிந்தது. ஒன்றைப் பிரித்துப் பார்த்தேன். கடையின் நிரல், பணம் கட்டும் இடத்தில் தடங்கல் வந்தால் முழு ஆர்டரையும் பிழைச் செய்தியோடு சேர்த்து எழுதும்படி அமைந்திருந்தது. ஆக, வாங்குபவரின் பெயர், கைப்பேசி எண், வீட்டு முகவரி, எந்தச் சேலை, எத்தனை வெள்ளி என்பது வரை எல்லாம் அந்தப் பொட்டலத்துக்குள். அண்ணனிடம் காட்டினேன். "நம்ம கஸ்டமர் நம்பர் அவனுக்கு எதுக்கு?" என்றார். அன்றைக்கே அந்தப் பெட்டியைக் கழற்றினோம். சிவப்பு வரிகள் வரிசையாக வந்தன, பிழையும் பிடிபட்டது.

அவர் கேட்ட கேள்வியைத்தான் இந்தத் துறை முழுவதையும் பார்த்துக் கேட்க வேண்டியிருக்கிறது. அதற்கு முன், பக்கம் இன்னும் எவ்வளவு தூரம் போகும் என்று பார்த்துவிடலாம்.

பெயரைத் தட்டினால் 'நேட்டிவ் கோட்' வருகிறதா என்று பார்ப்பது நல்ல சோதனைதான். ஆனால் முழுச் சோதனை அல்ல. ஒரு செயல்கூறின் உடலை எழுத்தாக மாற்றிக் காட்டுவதும் இன்னொரு செயல்கூறுதான். அதையும் மாற்றலாம். அவ்வளவு கூட வேண்டாம். மொழியில் உள்ள 'பைண்ட்' என்ற வசதியால் சுற்றித் தந்த செயல்கூறு எதுவாக இருந்தாலும், தன் உடலைக் கேட்டால் 'நேட்டிவ் கோட்' என்றே சொல்லும். கடைக்காரரின் தராசை, அவரே எடுத்துத் தரும் எடைக்கல்லை வைத்துச் சோதிப்பது போன்ற நிலை இது. அனுபவசாலிகள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். பக்கத்துக்குள் வெறுமையான ஒரு உட்சட்டகத்தைப் புதிதாக உருவாக்கினால், உலாவி அதற்கென்று எல்லாச் செயல்கூறுகளின் புதுப் பிரதியையும் தரும். அங்கிருந்து சுத்தமான கன்சோலை எடுத்துவந்து ஒப்பிடலாம். ஆனால் உட்சட்டகத்தை உருவாக்கும் செயல்கூறும் பக்கத்தின் கைக்கு எட்டுகிற இடத்தில்தான் இருக்கிறது.

இந்த மாற்றுவேலை திருட்டுக்குப் பயன்படும் என்று காட்டிய பழைய நிகழ்வு ஒன்று உண்டு. 2006 ஜனவரியில் ஜெரமையா கிராஸ்மன் என்ற பாதுகாப்பு ஆய்வாளர் ஜிமெயிலில் ஓர் ஓட்டையைக் காட்டினார். ஜிமெயில் உங்கள் தொடர்புப் பட்டியலை ஜாவாஸ்கிரிப்ட் வரிசையாக அனுப்பும். வேறொரு தளம், 'வரிசை' என்ற உள்ளமைந்த கருவியைத் தன் சொந்தச் சரக்கால் மாற்றிவைத்துவிட்டு, ஜிமெயிலின் அந்த முகவரியைத் தன் பக்கத்துக்குள் நிரலாக இழுக்கலாம். நீங்கள் ஜிமெயிலில் நுழைந்திருந்தால் பட்டியல் வந்து சேரும். வரிசை கட்டப்படும்போது, கட்டுகிற கை திருடனுடைய கை. உங்கள் நண்பர்களின் மின்னஞ்சல்கள் அவனிடம் போய்விடும். கூகுள் உடனே அடைத்தது. மொழியின் தரநிலையே 2009 டிசம்பரில் திருத்தப்பட்டு, வரிசையை நேரடியாக எழுதும்போது அசல் கருவியே பயன்படும் என்று உறுதியானது. ஓர் அடிப்படைக் கருவியைப் பக்கத்தின் பிடியிலிருந்து மீட்டது அந்தத் திருத்தம். கன்சோலுக்கு அந்த மீட்பு இன்னும் வரவில்லை.

2014 தொடக்கத்தில் ஃபேஸ்புக் ஒரு படி முன்னே போனது. பயனர்கள் சிலருக்கு, குரோமில் கன்சோலைத் திறந்து எதைத் தட்டினாலும் வேலை செய்யவில்லை. நாம் கன்சோலில் தட்டும் வரியை, பக்கத்திலேயே இருந்த ஒரு மறைவான பொருளின் துணையோடுதான் அன்றைய குரோம் இயக்கியது. ஃபேஸ்புக் அந்தப் பொருளை மாற்றி, தொட்டாலே பிழை எழும்படி செய்திருந்தது. 'இந்த வரியை ஒட்டினால் நண்பரின் கணக்கு உங்களுக்குத் திறக்கும்' என்று ஆசைகாட்டி, ஆட்களைத் தாங்களே நச்சு நிரலை ஒட்ட வைக்கும் மோசடியைத் தடுக்கத்தான் இது என்று அந்த நிறுவனத்தின் பாதுகாப்புப் பொறியாளர் விளக்கினார். அந்த மோசடி உண்மையில் இருந்தது. நோக்கத்தில் நான் குறை காணவில்லை. ஆனால் உலாவி என்னுடையது, கணினி என்னுடையது. அதில் என்ன ஓடுகிறது என்று பார்க்கும் சன்னலை, நான் பார்க்கப் போன தளம் சாத்தக்கூடாது. குரோம் பின்னர் அந்த வழியை அடைத்தது. இன்று குரோமும் ஃபயர்பாக்ஸும், கன்சோலில் முதல் முறை எதையாவது ஒட்டும்போது தாங்களே எச்சரித்து ஒப்புதல் கேட்கின்றன. காவல் வேலை இருக்க வேண்டிய இடம் அதுதான்.

சாத்துவதைவிட நுட்பமானது, பார்க்கிறவரை உளவு பார்ப்பது. அதற்குப் பல வழிகள். பலகம் பக்கவாட்டில் விரிந்தால் உலாவிச் சன்னலின் வெளி அகலத்துக்கும் உள் அகலத்துக்கும் நூற்றுக்கணக்கான புள்ளிகள் வித்தியாசம் வரும். பக்கம் அதை அளக்கலாம். கன்சோலில் ஒரு பொருளை எழுதச் சொல்லி, அந்தப் பொருளின் ஒரு பண்பைப் படித்தால் மணி அடிக்கும்படி வைக்கலாம். கன்சோல் மூடியிருந்தால் யாரும் படிக்க மாட்டார்கள், திறந்திருந்தால் மணி அடிக்கும். உலாவிகள் இதில் சில ஓட்டைகளை அடைத்திருக்கின்றன. அடைக்கக் கடினமானது மூன்றாவது. 'டீபக்கர்' என்ற ஒற்றைச் சொல் வரியைப் பக்கம் தன் நிரலுக்குள் எழுதிவைக்கும். பலகம் மூடியிருக்கும்போது அந்த வரிக்குப் பொருளே இல்லை. கண்ணிமைக்கும் நேரத்தில் கடந்துபோகும். திறந்திருந்தால் நிரல் அங்கேயே நின்றுவிடும். வரிக்கு முன்னும் பின்னும் மணி பார்த்தால் யாரோ பார்க்கிறார்கள் என்பது வெளிச்சம். திருட்டுப் படம் காட்டும் தளங்கள் இந்த வரியை முடிவில்லாமல் சுழலவிட்டு, பிழை தேடுகிறவரை நகரவிடாமல் செய்கின்றன. நிரலை இடையில் நிறுத்தும் 'நிறுத்தப் புள்ளிகளை'ச் செயலிழக்கச் செய்யும் பொத்தானை அழுத்திவிட்டுத் தாண்டலாம். நல்ல பழக்கம் அது.

இதுவரை பார்த்தது, பிழை தேடுகிறவரின் அந்தரங்கம். மறுபக்கம் ஒன்று இருக்கிறது. பிழை தேடுவதாகச் சொல்லிக்கொண்டு நம்மைப் பதிவு செய்கிறவர்கள்.

சென்னை ஐஐடியில் படித்த அர்விந்த் நாராயணன், பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஸ்டீவன் எங்கிள்ஹார்ட், குனேஷ் அச்சார் ஆகியோரோடு 2017 நவம்பரில் ஓர் ஆய்வை வெளியிட்டார். 'செஷன் ரீப்ளே' என்ற சேவை பற்றியது. வருகையாளர் சுட்டியை எங்கே நகர்த்தினார், எதைத் தட்டினார், எதை அழித்தார் என்று ஒவ்வோர் அசைவையும் பதிவு செய்து, பிறகு காணொளி போல ஓட்டிப் பார்க்கும் வசதி அது. பக்கம் எங்கே குழப்புகிறது, எங்கே உடைகிறது என்று கண்டுபிடிக்க உதவுகிறது என்பதுதான் அதை விற்கிறவர்களின் பேச்சு. உலகின் முன்னணி 50,000 தளங்களில் குறைந்தது 482-இல் இத்தகைய நிரல்கள் இருந்தன. படிவத்தில் எழுதி, மனம் மாறி, 'சமர்ப்பி' அழுத்தாமல் போனவர்களின் எழுத்தும் போய்ச் சேர்ந்தது. வால்கிரீன்ஸ் என்ற அமெரிக்க மருந்துக்கடைத் தளத்தில், மறைக்க ஏற்பாடு செய்திருந்தும், மருந்துச் சீட்டு விவரங்கள் நோயாளியின் பெயரோடு மூன்றாம் நிறுவனத்துக்குக் கசிந்தன. ஆய்வு வெளிவந்ததும் அந்தக் கடை அந்தச் சேவையை நிறுத்தியது.

இந்தக் குழு கட்டிய 'ஓப்பன்டபிள்யூபிஎம்' என்ற அளவைக் கருவியின் உள்வேலை இங்கே முக்கியம். தளங்கள் உலாவியிடம் என்ன கேட்கின்றன என்று அறிய, அது உலாவியின் உள்ளமைந்த செயல்கூறுகளின் மேல் தன் சொந்த உறையைப் போர்த்துகிறது. தளம் எந்தக் கதவைத் தட்டினாலும் உறை அதைக் குறித்துக்கொண்டு, பிறகு அசலிடம் அனுப்பும். கிள்ளான் கடையில் அந்த உரையாடல் பெட்டி செய்ததும் உறை போர்த்தியதுதான். ஒன்று வருகிறவரைக் காக்க, மற்றொன்று வருகிறவரை உறிஞ்ச.

2022 ஆகஸ்டில் ஃபெலிக்ஸ் கிராவுசே என்ற ஆய்வாளர் இதே உத்தியைக் கையில் எடுத்தார். டிக்டாக், இன்ஸ்டாகிராம் போன்ற செயலிகளுக்குள் ஓர் இணைப்பைத் தட்டினால், கைப்பேசியின் வழக்கமான உலாவி திறப்பதில்லை; செயலிக்குள்ளேயே ஒரு சிறிய உலாவி விரிகிறது. கேஎல் சென்ட்ரலில் ரயிலுக்குக் காத்திருப்பவர்கள் நாள்தோறும் செய்கிற காரியம். கிராவுசே ஒரு பக்கத்தை உருவாக்கி, அதில் உள்ளமைந்த செயல்கூறுகளுக்கு உறை போர்த்தி, செயலி உள்ளே நுழைத்த நிரல் எதையெல்லாம் அழைக்கிறது என்று பட்டியலிட்டார். டிக்டாக்கின் நிரல், பக்கத்தில் நடக்கும் விசை அழுத்தங்கள் அனைத்தையும் அறிவிக்கும்படி ஐபோனில் பதிவு செய்துகொண்டது அம்பலமானது. அந்த நிரல் பிழைதிருத்தத்துக்கும் கோளாறு அறியவும் செயல்திறனைக் கண்காணிக்கவும் மட்டுமே, அழுத்தங்களைச் சேகரிப்பதில்லை என்றது நிறுவனம். சேகரிக்கிறதா என்பதைத் தன் கருவியால் சொல்ல முடியாது என்று கிராவுசேயும் நேர்மையாகவே எழுதினார். இன்னொன்றையும் சொன்னார்: ஐஓஎஸ் 14.3 முதல், செயலிகள் தங்கள் நிரலைப் பக்கத்திலிருந்து பிரிந்த தனி உலகில் ஓட்டலாம். அங்கே ஓடினால் அவருடைய உறைக்கு எதுவும் தெரியாது. உலாவிக்காரர்கள் பாதுகாப்புக்காகக் கட்டிய சுவர், பதிவு செய்கிறவரையும் மறைத்துக்கொடுக்கிறது.

உலாவிக்குக் கீழேயும் இதே கதை நடந்தது, அதுவும் நம் வாசலில். முகவரிப் பெயரை எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸ் சேவைக்கு, தங்கள் இணைய நிறுவனத்தின் வழங்கியை விட்டுவிட்டு கூகுளின் 8.8.8.8, கிளவுட்ஃபிளேரின் 1.1.1.1 ஆகியவற்றை வைத்திருக்கிறவர்கள் கிள்ளான் பள்ளத்தாக்கில் நிறையப் பேர். 2024 செப்டம்பர் முதல் வாரத்தில், அந்த எண்களுக்கு அனுப்பிய கேள்விகளுக்கு வேறு யாரோ பதில் சொல்வதைச் சிலர் கண்டுபிடித்தார்கள். வெளி டிஎன்எஸ் கேள்விகளை நிறுவனங்கள் தங்கள் வழங்கிக்கே திருப்பிவிட வேண்டும் என்று மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம் (எம்சிஎம்சி) சொல்லியிருந்தது; தீய தளங்களைத் தடுக்க என்றது. பழைய டிஎன்எஸ் கேள்வி கையொப்பம் இல்லாமல் போகிறது. பதில் யாரிடமிருந்து வந்தது என்று கேட்டவர் சரிபார்க்க முடியாது. மக்கள் எதிர்ப்பு எழுந்ததும், செப்டம்பர் 8-ஆம் தேதி தொடர்புத் துறை அமைச்சர் ஃபாமி ஃபாட்சில் இதை நடைமுறைப்படுத்த வேண்டாம் என்று ஆணையத்திடம் சொல்லிவிட்டார். அதைக் கண்டுபிடித்தவர்கள், தாங்கள் கேட்ட இடத்திலிருந்துதான் பதில் வருகிறதா என்று தங்கள் சொந்தக் கணினியில் சோதித்துப் பார்க்கத் தெரிந்தவர்கள்.

அப்படிச் சோதிப்பவரைக் குற்றவாளி ஆக்கும் மனநிலையும் இருக்கிறது. 2021 அக்டோபரில் அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில், ஆசிரியர்களின் சமூகப் பாதுகாப்பு எண்கள் ஓர் அரசுத் தளத்தின் மூலநிரலிலேயே கிடப்பதை ஒரு நாளிதழ்ச் செய்தியாளர் பார்த்தார். அரசிடம் சொல்லி, சரிசெய்த பிறகே வெளியிட்டார். ஆளுநர் மைக் பார்சன் அவரை ஊடுருவல்காரர் என்று சாடி, வழக்குப் போடுவோம் என்றார். 2022 பிப்ரவரியில் அரசு வழக்குரைஞர் வழக்கில்லை என்று முடித்தார். எந்த உலாவியிலும் இரண்டு விசையில் திறக்கிற மூலநிரலைப் பார்த்ததற்காக ஒருவர் நான்கு மாதம் அச்சத்தில் இருக்க நேர்ந்தது.

நிரலாளர்கள் செய்யக்கூடியவை சில. பிழை தேடும்போது கன்சோலில் எழுதிப் பார்ப்பதைவிட, நிறுத்தப் புள்ளி வைத்து நேரடியாக மாறிகளைப் பார்ப்பது நம்பகமானது. அது உலாவியின் இயந்திரத்துக்குள் நடக்கிறது, பக்கத்தின் செயல்கூறுகளைக் கேட்பதில்லை. வெளி நிரலை இழுக்கும்போது அதன் கைரேகை எண்ணையும் பக்கத்தில் எழுதிவைத்தால், ஓர் எழுத்து மாறினாலும் உலாவி ஓட்ட மறுக்கும். ஒவ்வொரு முறையும் உலாவிக்கேற்ப வேறு நிரல் தருவது பாலிஃபில்.ஐஓ-வின் வழக்கம் என்பதால் அதற்கு அந்தக் கைரேகை பொருந்தியிருக்காது. அத்தகைய நிரலைத் தன் சொந்த வழங்கியில் இறக்கி வைத்துக்கொள்வதே வழி.

கடையில் சேலை வாங்குகிறவருக்கு எஃப்12 தெரியவேண்டியதில்லை; அவருக்குச் சட்டம் இருக்கிறது. மலேசியாவின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010-இல் நிறைவேறி, 2013 நவம்பர் 15 முதல் நடப்பில் உள்ளது. மத்திய, மாநில அரசுகளை அது கட்டுப்படுத்தாது என்பது பெரிய குறை. 2024 திருத்தத்துக்குப் பிறகு அதன் கொள்கைகளை மீறும் நிறுவனத்துக்கு அதிகபட்ச அபராதம் 3,00,000 ரிங்கிட்டிலிருந்து 10 லட்சம் ரிங்கிட்டாக உயர்ந்தது. 2025 ஜூன் 1 முதல், தரவுக் கசிவை 72 மணி நேரத்துக்குள் தரவுப் பாதுகாப்பு ஆணையரிடம் அறிவிக்க வேண்டும். இதே சட்டத்தின்படி, ஒரு நிறுவனம் தன்னைப் பற்றி வைத்திருக்கும் தரவைக் காட்டும்படி யாரும் எழுத்தில் கேட்கலாம்; 21 நாளுக்குள் அது இணங்க வேண்டும். அப்படிக் கேட்கும்போது பெயர், முகவரியோடு நிறுத்தாமல், பிழைப் பதிவுகளில் தன் விவரம் இருக்கிறதா, பக்கத்தில் தான் செய்ததன் பதிவுகள் இருக்கின்றனவா, அவை எந்த மூன்றாம் நிறுவனத்துக்குப் போயின என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும்.